1926க்கு எடுப்பதா, நேரில் போய்க் கதைப்பதா?

கணவன் மனைவிக்குள் பேச்சு நின்றுவிட்டது, அல்லது வெளிநாட்டு மாப்பிள்ளையின் விசா இழுபடுகிறது. யாரிடமாவது கதைத்தால் நல்லது என்று நினைக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு முதல் தயக்கம் இதுதான்: 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுப்பதா, உளவளத்துணை (கவுன்சிலிங்) தருபவரிடம் நேரில் போவதா?

செலவு
தொலைபேசி: 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். இலவசம், தமிழிலும் கதைக்கலாம்.
நேரில்: பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ அரச ஆஸ்பத்திரியிலோ கட்டணமில்லை. பஸ் காசு மட்டும்.

இரகசியம்
தொலைபேசி: பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை.
நேரில்: உள்ளே சொன்னது பொதுவாக வெளியே போகாது. ஆனால் வாசலில் உங்களைச் சித்தி கண்டால், பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும்!

தொடர்ச்சி
தொலைபேசி: அடுத்த முறை வேறொருவர் எடுக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.
நேரில்: பெரும்பாலும் அதே ஆள். தம்பதியர் சேர்ந்து போனால், ஒருவர் சொல்லும்போது மற்றவரின் முகம் மாறுவதையும் அவர் கவனிப்பார். சண்டை எந்த இடத்தில் திரும்பத் திரும்ப மூள்கிறது என்று பிடிபடுவது அப்படித்தான். என் பார்வையில் உறவுச் சிக்கலுக்கு இதுவே பெரிய வித்தியாசம். ஆனால் தீர்ப்புச் சொல்ல அவர் பெரியப்பா இல்லை. யாரில் பிழை என்று கேட்கப் போனால் ஏமாற்றம்தான்.

சரி, எது யாருக்கு? நடுச்சாமத்தில் சாக வேண்டும்போல இருந்தால் யோசிக்காமல் 1926. மாதக்கணக்கான மனத்தாங்கலுக்கு நேரில். துணை வர மறுத்தால் நீங்கள் மட்டும் போனாலும் பயனுண்டு. கணவர் அடிக்கிறார் என்றால் சோடியாகப் போகவே வேண்டாம். தனியாகப் போங்கள், அல்லது பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு எடுங்கள்.