லங்காவித் தீவில் காடி (கார்) வாடகைக்கு எடுக்க, கெடாவின் பீடோங்கில் முன்பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

பீடோங் கடைவரிசையில் கைப்பேசி உறையும் சார்ஜரும் விற்கிற கடை ஒன்றில், "லங்காவி காடி வாடகை, இங்கேயே புக் செய்யலாம்" என்று ஒரு பலகை தொங்குகிறது. அங்கே பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரையும் ஆள் பெயரையும் நான் போடவில்லை. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருக்கிறது. சுங்கை லாலாங், செமிலிங் பக்கம் இருப்பவர்களுக்கு அது எந்தக் கடை என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

நான் தனியாகப் போனேன். ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, தோழிகளுக்கு லீவு ஒத்துவரவில்லை. "பொம்பளப் புள்ள தனியாவா?" என்று வீட்டில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். அப்பாவைச் சமாதானம் செய்ததே அந்தக் கடைக்காரர்தான். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு இரண்டு குடும்பமும் தோட்ட லயத்தை விட்டு ஒரே தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடி வந்தோம். "மாமா, நம்ம பையன்தான் அங்க காடியக் கொண்டாந்து கொடுப்பான். நீங்க கவலையே படாதீங்க" என்றார். அப்பாவுக்கு அது போதும்.

ஒரு நாளைக்கு 110 வெள்ளி (ரிங்கிட்) வாடகை, 300 வெள்ளி டெபாசிட். "இன்சூரன்ஸ் எல்லாம் ஃபுல் கவர், தங்கச்சி." பணத்தை டூயிட் நவ் என்ற வங்கிப் பணமாற்று வழியாக அனுப்பச் சொன்ன கணக்கு கடைப் பெயரில் இல்லை, ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது. அனுப்பும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன். ஒரு புகாரும் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்தத் தளத்தில் புகார் ஆனவர்கள் கணக்குதான் வரும். நம் ஊரில் நம் ஆள் மேல் யார் புகார் கொடுக்கிறார்கள்?

ரசீது கேட்டேன். "நான் எங்க ஓடிறப் போறேன்?" என்று சிரித்தார். நான் நகரவில்லை. கடைசியில் கைப்பேசிக் கடை பில்லின் பின்பக்கம் எழுதி, கடையின் சாப் (முத்திரை) குத்திக் கொடுத்தார். இந்தப் பதிவில் எதை மறந்தாலும் அந்தச் சாப்பை மறக்காதீர்கள்.

கோலக்கெடாவில் ஃபெரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் லங்காவியின் குவா ஜெட்டி. அது வெள்ளிக்கிழமை. கெடாவில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் ஜெட்டியில் கால் வைக்க இடமில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு மலாய்க்காரப் பையன் காடியோடு நின்றான். நான் புக் செய்தது மைவி காடி. வந்தது பழைய சாகா காடி, வெள்ளி நிறம், கேவி என்று தொடங்கும் தீவு நம்பர். "மைவி ரிப்பேர், காக் (அக்கா)" என்றான். ஏர்கோன் காற்று வந்தது, குளிர் வரவில்லை. எண்ணெய் (பெட்ரோல்) முள் அடியில் கிடந்தது. முன் டயரில் நகத்தை வைத்துப் பார்த்தேன், பள்ளமே இல்லை.

சுற்றி வந்து வீடியோ எடுத்தேன். நான்கு கதவு, கண்ணாடி, சக்கரம், உள்ளே மீட்டர், எண்ணெய் முள், எல்லாம். டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, அதற்குள் இருந்த இன்சூரன்ஸ் தாளையும் படம் எடுத்தேன். அதில் ஒரு தனி ஆளின் பெயர், சொந்தப் பயன்பாட்டுக்கான பாலிசி. இது பலருக்குத் தெரியாத விஷயம். சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸ், காடியை வாடகைக்கு விடும்போது கைகொடுக்காது. வாடகைக்கு விட அதற்கான உரிமமும், அதற்கான இன்சூரன்சும் வேண்டும். பையனிடம் கேட்டேன். "பாஸ்தான் தெரியும்." பாஸுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பீடோங் கடைக்காரருக்கு அடித்தேன். "அதெல்லாம் ஃபார்மாலிட்டி, தங்கச்சி. தீவுல எல்லாரும் அப்படித்தான்." அந்தக் கூட்டத்தில் வேறு காடி கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடக் கொடுத்த தாளில் ஒரு காடிப் படம் இருந்தது. கீறல் இருக்கும் இடத்தில் பையன் சிலுவைக் குறி போடுவான். அந்தப் படம் மேலிருந்து பார்த்தபடி வரைந்தது. காடியின் அடியில் எதைக் காட்ட வேண்டுமென்றாலும் குறி போட இடமே கிடையாது. தாளை அச்சடிக்கும்போதே யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

தீவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சோங் ரூவில் அலை இறங்கிய நேரம் தூரத்துப் பாறை வரைக்கும் மணல் விரிந்து கிடந்தது. செனாங் பக்கம் எருமைகள் ரோட்டின் நடுவில் படுத்துக்கொண்டு யாருக்கும் வழிவிடவில்லை. கேபிள் கார் ஏறி மாட் சிஞ்சாங் மலை மேலே நின்று பார்த்தேன். காடி பழசாக இருந்தாலும், நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த நேரத்தில் கிளம்ப முடிந்ததில் ஒரு ருசி இருக்கிறது. குனோங் ராயாவில்தான் அது பல்லைக் காட்டியது. 881 மீட்டர் மலை, வளைவுக்கு மேல் வளைவு. பாதி ஏறியதும் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டிப் பானெட்டைத் திறந்தால், தண்ணீர் டப்பா காய்ந்து கிடந்தது. குடும்பத்தோடு வந்த ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) காடியை நிறுத்தி, இன்ஜின் ஆறும் வரை கூடவே நின்று, தன் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மலைப் பக்கமே போகவில்லை.

மஹ்சூரி சமாதிக்கும் போனேன். பொய்ப் பழி சுமத்திக் கொன்றார்கள், ஏழு தலைமுறைக்குத் தீவு விளங்காது என்று சாபம் விட்டாள் என்பது கதை. ஏழு தலைமுறை முடிந்துவிட்டது என்கிறார்கள். பழி சுமத்துகிற பழக்கம் மட்டும் முடியவில்லை போல.

காடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே ஜெட்டிக்கு வந்துவிட்டேன். பையன் வரவில்லை. அடித்தால், "ஆன் த வே, காக்." ஃபெரிக்கு ஆட்கள் வரிசை கட்ட ஆரம்பித்த பிறகுதான் வந்தான். வந்தவன் காடியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை, எண்ணெயைப் பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் போய், இடது மூலையில் தரையோடு தரையாகப் படுத்து, போன் லைட்டை அடித்து, "காக், சினி அடா சாலார்" என்றான். பம்பருக்கு அடியில் கீறலாம். நான்கு பக்கமும் வீடியோ எடுத்த எனக்கு அடிவயிற்றை எடுக்கத் தோன்றவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், யாருக்குமே தோன்றாது.

நானும் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளம். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. பள்ளத்தில் செம்மண் காய்ந்து கெட்டித்திருந்தது. கீறலின் ஓரத்தில் யாரோ பிரஷால் வெள்ளிப் பெயின்ட் தொட்டு வைத்திருந்தார்கள், காடியின் நிறத்தைவிடக் கொஞ்சம் பளிச்சென்று. அந்தப் பெயின்டில் ஒரு பிரஷ் மயிர் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. நான் எடுத்த காடியில் நான் போட்ட கீறல் என்றால், இந்தப் பெயின்டை அடித்தது யார்? கேட்டேன். "பாஸ்தான் தெரியும்."

இந்த முறை பாஸ் உடனே போன் எடுத்தார். பம்பர் 450 வெள்ளி. டெபாசிட் 300 கழித்துக்கொள்வார், மீதி 150-ஐ இப்போதே பையனிடம் கொடுத்துவிட்டு ஃபெரி ஏறலாம். இல்லையென்றால் போலீசில் ரிப்போர்ட் போடுவாராம். தனியாக வந்த பெண், சாட்சி யாரும் இல்லை, ஃபெரி போகப் போகிறது. இந்த மூன்றையும் வைத்துத்தான் விலை போட்டிருக்கிறார். "நல்லது, வாங்க ஸ்டேஷனுக்குப் போவோம், இந்த இன்சூரன்ஸ் தாளையும் கொண்டுவர்றேன்" என்றேன். காடியை இடித்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் ரிப்போர்ட் எனக்கும் நல்லதுதான் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. பையன் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். 150 தப்பியது. 300 போனது போனதுதான். பிரஷ் மயிர் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஃபெரியில் ஏறினேன்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததுதான் கேவலம். கடைக்காரரிடம் கேட்டால், "டெபாசிட்ட நான் அப்பவே தீவுக்கு அனுப்பிட்டேன்." தீவில் கேட்டால், "எங்களுக்கு வாடகை மட்டும்தான் வந்தது, டெபாசிட் பீடோங்கில்தான் இருக்கு." இவர் அவரைக் காட்ட, அவர் இவரைக் காட்ட, நடுவில் நான். கடைக்காரரையும் தீவுக்காரரையும் ஒரே கோன்ஃபரன்ஸ் காலில் போட முயன்றேன். ஒருவர் எடுத்தால் மற்றவர் வைத்துவிடுகிறார்.

போலீசில் ரிப்போர்ட் செய்தேன். இது ஒப்பந்தத் தகராறு, சிவில் விவகாரம் என்றார்கள். பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதிந்தேன். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வக்கீல் வைக்க முடியாது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், விவகாரம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். மன்றம் தீர்ப்புக் கொடுத்து 14 நாளுக்குள் பணம் தராவிட்டால் அது குற்றம். எதிர்த்தரப்பு என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது என்று யோசித்தபோதுதான் அந்தச் சாப் உதவியது. பணம் வாங்கியது இந்தக் கடை என்று அதில் இருக்கிறது. தீவில் முகம் தெரியாத பாஸை நான் ஏன் தேட வேண்டும்?

நோட்டீஸ் போன பிறகு கடைக்காரர் தன் மாமாவோடு வீட்டுக்கு வந்தார். கோயில் கமிட்டி ஆள் ஒருவரையும் கூட்டி வந்தார். "ஒரே தோட்டத்துல வளந்த புள்ளைங்க, 300 வெள்ளிக்குக் கேஸா?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா தேத்தண்ணி கலக்கச் சொல்லிவிட்டு, "பணத்த வாங்குனது உன் கடை, கொடுக்க வேண்டியதும் உன் கடைதானே தம்பி" என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. 200 வெள்ளியை மேசையில் வைத்து, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், புகாரை மீட்டுக்கொள்கிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போடவில்லை. பணத்தையும் தொடவில்லை.

லங்காவியில் காடி எடுப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பஸ் வசதி குறைவான தீவில் காடி இல்லாமல் சுற்றுவது கஷ்டம். ஜெட்டிக்கு உள்ளேயும் விமான நிலையத்திலும் கவுண்டர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே போய்க் காடியைப் பார்த்து, இன்சூரன்ஸ் தாளைப் பார்த்து, அதே இடத்தில் டெபாசிட் கட்டுங்கள். டெபாசிட் வாங்குகிறவரும் சாவி கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். வீடியோ எடுக்கும்போது போனைத் தரையோடு பிடித்துப் பம்பருக்கு அடியிலும் காட்டுங்கள், சாவி கொடுக்கிற ஆளின் குரலும் அதில் விழட்டும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் போகிறவர்கள் கவுண்டருக்கே முன்கூட்டி அடித்துக் கேட்டுக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும் நாளில் கடைசி ஃபெரியை நம்பாதீர்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) இதைச் சுருக்கமாகப் போட்ட அன்றைக்கே சுங்கை லாலாங்கிலிருந்து ஓர் ஆசிரியை படம் ஒன்று அனுப்பினார். அதே வெள்ளி நிறச் சாகா, அதே கேவி நம்பர், பம்பருக்கு அடியில் இடது மூலையில் அதே கீறல். அவரிடம் 250 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். அவர் படத்தில் பெயின்ட் இல்லை, என் படத்தில் இருக்கிறது. அந்தக் கடை மூலம் அந்தச் சாகாவை எடுத்தவர்கள் இன்னும் இருப்பீர்கள். கீறல் படமோ, பணம் அனுப்பிய சீட்டோ இருந்தால் விசாரணைக்கு முன் எனக்கு அனுப்புங்கள். பெயர் வெளியே வராது. தேதி தெரிகிற மாதிரி படம் இருந்தால் இன்னும் நல்லது.