மொட்டை மாடியில் மூன்று கிலோவாட்: ஓராண்டு அனுபவம், ஒரு வாக்காளரின் மதிப்பீடு

அவிநாசிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டின் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்பு ஓடத் தொடங்கி ஓராண்டு நிறைவடைந்துவிட்டது. அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர்கள் செய்த இரண்டு பிழைகளைச் சொல்லப்போகிறேன். அவற்றில் ஒன்றைத் தங்கள் செலவிலேயே சரிசெய்து கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். பேனல், இன்வெர்ட்டர், வேலைத்தரம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பேனலுக்கு 25 ஆண்டு செயல்திறன் உத்தரவாதம் எழுத்தில் கிடைத்திருக்கிறது. அந்தப் பேனல் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எனக்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் விதிக்கோ அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த 25 ஆண்டுகளுக்குள் ஐந்து சட்டமன்றத் தேர்தல்கள் வந்துபோகும். ஆகவே இந்தப் பொருளை மதிப்பிடும்போது சட்டத்தையும் தேர்தலையும் ஒதுக்கிவைக்க முடியாது என்பதே என் கருத்து.

முதலில் கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 640 யூனிட் ஆகும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண விகிதப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் பயன்படுத்திய வீடு 1,725 ரூபாய் கட்டினால் போதுமாக இருந்தது. 501 யூனிட் பயன்படுத்திய வீடு 1,958 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. 500-ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலை 2.25 ரூபாயிலிருந்து 4.50 ரூபாய்க்கு மாறிவிட்டதால், அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய் ஆனது. ரீடிங் எடுக்க வருபவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் ஒரு குடும்பம் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும் என்பதை யோசித்தால், மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏன் இவ்வளவு காலமாக எழுகிறது என்பது விளங்கும். அதே விகிதப்படி எங்கள் 640 யூனிட்டுக்கு 3,110 ரூபாய் வந்தது. அதன் பிறகும் விகிதம் ஏறியிருக்கிறது.

அமைப்புக்கு ஆன மொத்தச் செலவு 2,05,000 ரூபாய். வீட்டுக்கூரைச் சூரிய மின் அமைப்புகளுக்காக மத்திய அரசு 2024 பிப்ரவரியில் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயுமாக, 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைக் கழித்தால் என் கையிலிருந்து போனது 1,27,000. ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சமாகிறது. ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 12 முதல் 13 யூனிட் வரை கிடைத்தது. ஐப்பசி அடைமழையில் 6 யூனிட்டைத் தொடாத நாட்களும் உண்டு. இந்த அளவில் எனக்குப் பொருளின் மீது எந்தக் குறையும் இல்லை.

குறை இருந்தது வேலை செய்தவர்களிடம். இடம் பார்க்க வந்தவர் காலை பதினொரு மணிக்கு வந்து, அளவெடுத்து, அரை மணி நேரத்தில் புறப்பட்டுவிட்டார். மேற்குப் பக்கத்து வீட்டின் தென்னை மரம் பிற்பகலில் எங்கே நிழல் விழுத்தும் என்பதை அவர் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பேனல் மாட்டிய முதல் வாரத்தில் கைப்பேசிச் செயலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணிக்கு 1,700 வாட் காட்டிக்கொண்டிருந்தது, பத்தே நிமிடத்தில் 800-க்கு இறங்கியது. மாடிக்கு ஏறிப் பார்த்தால், ஆறு பேனல்களில் கடைசி இரண்டின் மேல் மட்டும் தென்னை ஓலையின் நிழல் ஆடிக்கொண்டிருந்தது. பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், சிலவற்றில் விழும் நிழல் முழு வரிசையின் உற்பத்தியையும் பாதிக்கக்கூடும். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஆள் அனுப்பி, அந்த இரண்டையும் கிழக்குப் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். கூடுதலாக ஒரு ரூபாயும் கேட்கவில்லை. சோலார் போடுகிறவர்கள் இடம் பார்க்க வருபவரை மாலை நான்கு மணிக்கும் ஒருமுறை வரச் சொல்லுங்கள்.

இரண்டாவது பிழை காகிதத்தில் நடந்தது. எங்கள் மின் இணைப்பு காலமான என் தந்தையாரின் பெயரில் இருந்தது. ஆதார், வங்கிக் கணக்கு, மின் இணைப்பு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பார்க்காமலேயே விண்ணப்பத்தை என் பெயரில் நிறுவனம் பதிவு செய்துவிட்டது. பெயர் மாற்றம் செய்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பதிந்து, மானியம் கைக்கு வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் 78,000 ரூபாய்க்கு நான் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் எடுக்கும் மின்சாரத்தையும் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்திய நாள்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. சோதிக்க வந்த பொறியாளர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். உச்சி வெயிலில், மேலே ஆறு பேனல் காய்ந்துகொண்டிருக்க, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அந்த இன்வெர்ட்டர் அணைந்துவிட்டது. அணைய வேண்டும் என்பதுதான் சோதனை என்று எனக்கு அப்போதுதான் தெரியும். உடன் வந்திருந்த லைன்மேன் சொன்னார்: “கரண்டை நிறுத்திட்டுக் கம்பத்துல ஏறி வேலை பார்க்கறப்ப உங்க மாடியில இருந்து கரண்ட் திரும்பி வந்துச்சுன்னா எங்க உயிர் போயிருமுங்க.” மின்தடை நேரத்தில் இந்த அமைப்பு வேலை செய்யாது என்பதை விற்றவர் சொல்லவே இல்லை. பேட்டரி இல்லாமல் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே சொல்லியாக வேண்டும். காரணத்தை லைன்மேன் வாயால் கேட்ட பிறகு எனக்கு அதில் வருத்தமில்லை.

இனி விதிகள். 2020-இல் வெளிவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்டு, 10 கிலோவாட் வரையிலான வீட்டுக்கூரை அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு (அமைப்பை மின் கட்டமைப்பு தாங்குமா என்று பார்க்கும் ஆய்வு) தேவையில்லை என்று ஆக்கப்பட்டது. அரசிதழில் வந்த அந்த ஒரு திருத்தம் என் அலைச்சலில் பெரும்பகுதியைக் குறைத்தது; அதை மனமாரப் பாராட்டுகிறேன். எனக்குக் கிடைக்கும் லாபத்தின் உயிர்நாடியோ நிகர அளவீடு என்னும் முறை. நண்பகலில் நான் மின் நிறுவனத்தின் கம்பிக்கு அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு ஈடாக இரவில் ஒரு யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இது எனக்கு எவ்வளவு சாதகமான ஏற்பாடு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. நண்பகலில் மாநிலமெங்கும் சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கிறது. வெயில் இறங்கி, வீடு திரும்பியவர்கள் விளக்கும் ஏ.சி.யும் போடுகிற மாலை ஏழு மணிக்கு அது இல்லை. அந்த நேரத்து மின்சாரத்தை மின் நிறுவனம் அதிக விலைக்கு வாங்க நேர்கிறது. நான் கொடுத்தது நண்பகல் யூனிட், வாங்குவது இரவு யூனிட்; இடையிலுள்ள விலை வேறுபாட்டை யாரோ சுமக்கிறார்கள். சொந்தக் கூரை இல்லாதவர்களின் தலையிலும் அதில் ஒரு பங்கு விழுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இந்த முறை என்றென்றும் இப்படியே நீடிக்க வேண்டும் என்று நான் வாதிட மாட்டேன். மிகுதியான மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும், நீலகிரியின் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் போன்ற சேமிப்பு ஏற்பாடுகளும், வீட்டுப் பேட்டரிக்கு மானியமும் முன்னுரிமை பெற வேண்டும் என்பது என் நிலை.

ஆனால் விதியை மாற்றும்போது, ஏற்கெனவே அதை நம்பிப் பணம் போட்டவர்களுக்கு இத்தனை ஆண்டு பழைய விதியே தொடரும் என்று எழுத்தில் தர வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2023 ஏப்ரலில், கம்பிக்கு அனுப்பும் மின்சாரத்துக்கான மதிப்பைப் பெருமளவு குறைத்தபோது, அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்கு 20 ஆண்டு வரை பழைய முறையைத் தொடர அனுமதித்தது. அப்படி ஒரு பாதுகாப்பை இங்கும் கேட்பது பேராசை ஆகாது.

மின்சாரச் சட்டத் திருத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தைத் திருத்த 2020 ஏப்ரலில் ஒரு வரைவு வந்தது. 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் ஒரு மசோதா அறிமுகமாகி, நாடாளுமன்ற நிலைக்குழுவின் ஆய்வுக்குப் போய், 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. 2025 அக்டோபரில் மீண்டும் ஒரு வரைவு வெளியிடப்பட்டது. மின்சாரம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒரே கம்பி வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம் என்ற யோசனையை நான் முற்றாக நிராகரிக்கவில்லை. அதிகம் செலுத்தும் ஆலைகளைப் புதியவர்கள் எடுத்துக்கொள்ள, குறைவாகச் செலுத்தும் வீடுகளும் பம்புசெட்டுகளும் அரசு மின் நிறுவனத்திடமே தங்கிவிடாதபடி சட்டத்திலேயே தடுப்பு இருக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை.

2020 வரைவில் இருந்த ஒரு யோசனையை மட்டும் நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன்: நுகர்வோர் முழுக் கட்டணத்தைக் கட்டிவிட வேண்டும், மானியம் பின்னர் அவருக்கு நேரடியாக வரும் என்பது. இதே பாதையில் நான் நடந்து பார்த்துவிட்டேன். பெயரில் இருந்த ஒரு பொருத்தமின்மையால் நான்கு மாதம் காத்திருந்தேன். எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் தாங்க முடிந்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கு முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டிவிட்டு மானியத்துக்காகக் காத்திருக்கும்படி ஒரு விவசாயியிடம் சொன்னால், அவர் நான்காவது மாதம் பயிரோடு இருக்க மாட்டார். எங்கள் பகுதியில் மின் கட்டணம் வெறும் கணக்கு விவகாரம் அல்ல. மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-இல் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பெருமாநல்லூர், எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

இவற்றில் எதை யாரிடம் கேட்பது என்பதில் வாக்காளர்களாகிய நாம் தெளிவாக இருப்பதில்லை. நிகர அளவீட்டு முறையையும் கட்டணத்தையும் தீர்மானிப்பது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதற்குக் கொள்கை வழிகாட்டுவதும் மானியம் தருவதும் மாநில அரசு. மின்சாரச் சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றம். 2022 ஆகஸ்ட்டில் கட்டண உயர்வு பற்றி ஆணையம் கோயம்புத்தூரில் நடத்திய கருத்துக் கேட்பில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். தொழில் அமைப்புகளின் சார்பில் பேசியவர்கள் தாள் தாளாகக் கணக்கோடு வந்திருந்தார்கள். வீட்டு நுகர்வோராகப் பேச எழுந்தவர்கள் மிகச் சிலரே. அன்று எனக்குக் கை தூக்கத் துணிவு வரவில்லை. அடுத்த கேட்பில் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுவேன்.

தேர்தல் அறிக்கையையும் இப்போது பக்கம் பக்கமாகப் படிக்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் வெற்றிபெற்ற கட்சி அளித்த மாதாந்திரக் கணக்கெடுப்பு வாக்குறுதி, ஸ்மார்ட் மீட்டர் பணிகளோடு சேர்ந்து தள்ளிப்போனது. இனி எந்தக் கட்சி அதைச் சொன்னாலும், கட்டணப் படிநிலைகள் சரிபாதியாக்கப்படுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிப் பாதியாக்கி, 500-க்குப் பதிலாக மாதம் 250 யூனிட் என்று படிநிலை வைத்தால், சித்திரையில் அதிகமாகவும் வைகாசியில் குறைவாகவும் செலவழிக்கும் குடும்பத்துக்கு இப்போதைவிடக் கூடுதலாகவும் கட்டணம் வரக்கூடும்.

எங்கள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கும் பெண்மணி பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். பேனல் மாட்டிய வாரத்தில் துணி உலர்த்த மாடிக்கு வந்தவர், “ஏனுங்கண்ணா, இதுல மிச்சமாகற கரண்டை எங்க மீட்டருக்குக் கொஞ்சம் திருப்பிவிட முடியாதுங்களா?” என்று கேட்டார். நிறுவியவரிடம் கேட்டுப் பார்த்தேன். இந்த இணைப்புக்கு மட்டும்தான் என்றார். டெல்லியில் 2019 முதல் ஒரு கூரையின் மின்சாரத்தைப் பல இணைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க விதி இருக்கிறது. அடுத்த முறை எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும் சட்டமன்ற வேட்பாளர் யாராக இருந்தாலும், அந்தப் பெண்மணியையும் அருகில் வைத்துக்கொண்டு இதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.