கடலூர்ல வாடகைக்கு வீடு தேடுறவங்க அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி இதை படிச்சிடுங்க

கடலூர்ல, அதுவும் கெடிலம் ஆத்தங்கரைய ஒட்டி இருக்குற நகருங்கள்ல தரைத்தள வீடு பாத்துட்டு இருக்கீங்கன்னா தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுமையா இதை முழுசா படிங்க. வெயில் காலத்துல சில ஓனருங்க வீட்டை நல்லா ஜோடிச்சு போட்டோ புடிச்சு போட்டு, மழைக்கு முன்னாடி ஒரு குடும்பத்தை உள்ள கொண்டுவந்து உக்கார வச்சிட்டு, மழை முடிஞ்சு அவங்க தாங்க முடியாம காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பாதியை புடிச்சிக்கிட்டு, அந்தக் காசுலயே மறுபடி பெயின்ட் அடிச்சு அடுத்த குடும்பத்துக்கு விடுறாங்க. எங்களுக்கு இது நடந்துச்சு, எங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் இதேதான் நடந்திருக்கு. ஓனர் பேரு, தெரு பேரு எதுவும் இங்க போடல, போட வேணாம்னு எங்க வக்கீல் சொல்லியிருக்காங்க. ஆனா என்ன பண்றாங்க, எப்படி கண்டுபுடிக்கிறதுன்னு சொல்லலாம் இல்லையா, அதை சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு சிப்காட்ல வேலை கிடைச்சதால விருத்தாசலத்துலேர்ந்து இங்க மாறி வந்தோம். மாமியாருக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது, பொண்ணு அப்பதான் ஒண்ணாவது சேரணும், அதனால ஸ்கூலுக்கு பக்கமா கீழ் வீடா வேணும்னு தேடினோம். கடைசில மூணு வீடு நின்னுச்சு. மஞ்சக்குப்பத்துல ஒண்ணு, 9,500 வாடகை, பழைய வீடு, ரூமுங்க சின்னது, வெளிச்சம் கம்மி. செம்மண்டலம் பக்கம் ஒண்ணு, 8,500, செவுரு எல்லாம் மங்கிப்போன மஞ்ச கலர், கிச்சன்ல வெறும் கடப்பா கல்லு மேடை, வாசல்ல உசரமா அஞ்சு படி. மூணாவதுதான் இந்த வீடு. திருப்பாப்புலியூர் பக்கம், 11,000. உள்ள நுழைஞ்சா புது பெயின்ட் வாசனை, ஹால்ல ஃபால்ஸ் சீலிங், சுத்தி எல்இடி லைட்டு, மாடுலர் கிச்சன், ரெண்டு பெட்ரூம்லயும் தரைலேர்ந்து மூணடி உசரத்துக்கு மரக்கலர்ல பிவிசி பேனல். மாமியாரே "இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கேம்மா"ன்னு சந்தோஷப்பட்டாங்க. புரோக்கர் "அக்கா, இன்னிக்கு சாயங்காலமே இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வர்றாங்க"ன்னு சொன்னாரு. ஓனர் பெரியவர், "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்துக்கம்மா, எது வேணும்னாலும் ஒரு போன் போதும்"னு அவ்ளோ அன்பா பேசினாரு. அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. குடுத்துட்டு ஆனி முடியறதுக்குள்ள குடி வந்துட்டோம், ஆடில மாறக்கூடாதுன்னு மாமியார் சொன்னதால.

அந்த மூணடி பேனல்தான் விஷயமே. அழகுக்காக போட்டதுன்னு சொன்னாங்க, ஆனா அது எதை மறைக்குறதுக்காக போட்டதுன்னு ஐப்பசி மழைல தெரிஞ்சிச்சு. முதல்ல பெட்ரூம்ல ஒரு வாடை, ஈரத்துணிய மூட்டை கட்டி வச்ச மாதிரி. துணி காயலன்னு நெனச்சோம், எலி செத்துருக்குமோன்னு கட்டிலை நகத்தி பாத்தோம். அப்புறம் பேனல் ஜாயின்ட்டுங்க உப்பி வெளிய தள்ள ஆரம்பிச்சிச்சு, பீரோவுக்கு பின்னாடி பச்சையா பூஞ்சை, பட்டுப்புடவைல எல்லாம் புள்ளி புள்ளியா கறை. பொண்ணுக்கு ராத்திரி ஆனா இருமல், இழுப்பு, டாக்டர் வீட்டுல ஓதம், அதாவது செவுத்துல ஈரம் ஏறுறது, இருக்கான்னுதான் முதல் கேள்வியே கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு ஞாயித்துக்கெழம ஒரு பேனலை ஸ்க்ரூ கழட்டி எடுத்து பாத்தா உள்ள செவுரு முழுக்க வெள்ளையா உப்பு பூத்து, கை வச்சா பூச்சு மாவா கொட்டுது, செங்கல்லு தெரியுது. ஸ்க்ரூ எல்லாம் துரு ஏறி பாதி கரைஞ்சிருந்துச்சு.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டதுக்கு அவங்கதான் எல்லாத்தையும் சொன்னாங்க. 2015 வெள்ளத்துல அந்தத் தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, ஃபெஞ்சல் புயலப்பவும் அந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்து ரெண்டு நாள் நின்னுச்சாம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டிகிட்ட கரை கடந்துச்சு, அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் டேம் தண்ணிய திறந்துவிட்டு தென்பெண்ணையும் ஊரை ஒரு பக்கம் முழுக்கடிச்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நாங்க அப்ப விருத்தாசலத்துல இருந்தோம், கடலூர்ல எந்தத் தெருவுல எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு எப்படி தெரியும். அதைத்தான் இவங்க பயன்படுத்திக்கிறாங்க. தண்ணி நின்ன செவுரு ஒரு வெயில்ல காயாது, கீழேர்ந்து செங்கல்லு தண்ணிய உறிஞ்சி மேல ஏத்திக்கிட்டே இருக்கும், தண்ணி ஆவியாயிடும், உப்பு மட்டும் செவுத்துலயே தங்கி பூச்சை உடைச்சிக்கிட்டு வெளிய வரும். அதுமேல புட்டி, பெயின்ட்டு, பேனல் எது போட்டாலும் ஈரம் வெளிய போக வழியில்லாம இன்னும் மோசமா ஆகும். சரியா பண்ணணும்னா பழைய பூச்சை செதுக்கி எடுத்து, நல்லா காயவிட்டு, ஓதம் ஏறாம தடுப்பு போட்டு புதுசா பூசணும். அதுக்கு செலவு ஆகும், மாசக்கணக்குல வீடு காலியா கிடக்கும். பேனல் போட்டா ஒரு வாரத்துல டூலெட் போர்டு மாட்டிடலாம்.

தண்ணியும் அதே கதைதான். வீடு பாக்கப் போனப்ப பைப்பை திறந்து காமிச்சாரு, குடிச்சு கூட பாக்க சொன்னாரு, நல்லா இருந்துச்சு. அது லாரில வாங்கி டேங்க்ல நிரப்பின தண்ணின்னு குடி வந்த மறுவாரமே தெரிஞ்சிச்சு. போர் தண்ணி உப்பு, சோப்பு நுரை வராது, துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. பைப்பு, ஷவர் எல்லாம் ஏன் பளபளன்னு புதுசா மாட்டி வச்சிருந்தாருன்னு அப்பதான் புரிஞ்சிச்சு, பழைய பைப்பா இருந்தா வெள்ளையா உப்பு படிஞ்சு காட்டிக் குடுத்திருக்கும். தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காமிக்கிற டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாதான். குடிதண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும்னு ஐஎஸ்ஐ அளவு, வேற தண்ணியே கிடைக்காத எடத்துல மட்டும் 2,000 வரைக்கும் விடுவாங்க, எங்க போர்ல 1,900 காமிச்சிச்சு. வீடு பாக்கப் போகும்போது டேங்க் தண்ணிய பாக்காதீங்க, மோட்டாரை போடச்சொல்லி நேரா போர்லேர்ந்து வர்ற தண்ணிய பாருங்க, போட மாட்டேன்னு சாக்கு சொன்னாங்கன்னா வந்துடுங்க.

கரண்ட்டுக்கு தனி சர்வீஸ் இல்ல, சப் மீட்டர், யூனிட்டுக்கு 10 ரூபா. அரசாங்கம் வீட்டு கரண்ட்டுக்கு இலவசமா குடுக்குற யூனிட் ஓனர் கணக்குக்கு போயிடும், அதே மீட்டர்ல இன்னொரு குடும்பமும் இருக்குறதால ரெண்டு மாசத்துல 500 யூனிட்டை தாண்டி ரேட் ஏறும், அதுவும் நம்ம தலைல. வாடகை கம்மின்னு நெனச்சு ரெண்டு வீட்டை ஒப்பிடும்போது இதையும் சேத்து கணக்கு போடுங்க. 11,000 வீடு எங்களுக்கு தண்ணி கேன், லாரி ஷேரு, கரண்ட்டு எல்லாம் சேத்து மாசம் 15,000 கிட்ட வந்துடுச்சு.

ஓதத்தை பத்தி ஓனர்கிட்ட சொன்னப்ப "நீங்க ஜன்னலை சாத்தியே வச்சிருக்கீங்கம்மா, காத்து போகலன்னா அப்படித்தான்"னு சொன்னாரு. திரும்ப கேட்டா போன் எடுக்கல. தை பொறந்ததும் காலி பண்ணோம். கணக்கு முடிக்கும்போது பெயின்ட்டிங்குக்கு 11,000, பேனல் டேமேஜுக்கு 14,000, கரண்ட்டு பாக்கின்னு 3,500, ஆகமொத்தம் 28,500 புடிச்சிக்கிட்டு 31,500 கைல குடுத்தாரு. அவரு செவுத்து ஈரத்துல உப்பின பேனலுக்கு நாங்க காசு குடுக்கணுமாம். எங்க வீட்டுக்காரர் கேட்டதுக்கு, "அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்க தம்பி"ன்னு ஒரே வார்த்தை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, முன்னாடி இருந்த குடும்பத்துக்கும் இதே மாதிரிதான் புடிச்சாராம், அவங்க சிதம்பரம் பக்கம் போயிட்டாங்களாம்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், இதை கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கங்க. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22லேர்ந்து நடைமுறைல இருக்கு. எழுத்துல அக்ரிமென்ட் போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், பதினோரு மாசம்தானேன்னு விட்டுடக்கூடாது. டெபுடி கலெக்டர் ரேங்குக்கு குறையாத ஆபீசர்தான் அந்த அதிகாரி, பதிவு ஆன்லைன்லயே பண்ணலாம், பண்ணா ஒரு நம்பர் குடுப்பாங்க. ஓனர் இழுத்தடிச்சா வாடகைக்கு இருக்குறவங்க தனியாவும் விவரத்தை தாக்கல் பண்ணலாம். அட்வான்ஸ் மூணு மாச வாடகை வரைக்கும்தான், ஆனா அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டா அது செல்லும், அதனாலதான் எங்ககிட்ட 60,000 வாங்க முடிஞ்சிச்சு. காலி பண்ண ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸை திருப்பி குடுக்கணும். செவுத்துக்கு வெள்ளையடிக்கிறது, கட்டட ரிப்பேரு, வயரிங், பைப்லைன் மாத்துறது எல்லாம் ஓனர் பொறுப்புன்னு அந்த சட்டத்தோட அட்டவணைலயே இருக்கு, இதுலயும் அக்ரிமென்ட்ல மாத்தி எழுதியிருந்தா அதுதான் நிக்கும். அதனால "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவாக கழிக்கப்படும்"னு ஒரு வரி இருக்கும் பாருங்க, எல்லா அக்ரிமென்ட்லயும் டைப் பண்றவரே பழக்கத்துல அடிச்சிடுவாரு, அந்த வரியை எடுக்கச்சொல்லிட்டு கையெழுத்து போடுங்க. குடிவர்ற அன்னிக்கு எல்லா செவுத்தையும், மீட்டர் ரீடிங்கையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. பாண்டிக்காரங்களுக்கு ஒண்ணு, எல்லைல இருக்குற முள்ளோடைக்கு வந்து பாண்டிக்குள்ள போயிட்டா இந்த சட்டம் அங்க செல்லாது, ஆனா பாண்டி மாதிரியே தெரியிற கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், அங்க செல்லும்.

வீடு பாக்கப் போறப்ப சீலிங்கை பாக்காதீங்க, கீழ பாருங்க. தரைலேர்ந்து மூணடிக்கு மட்டும் டைல்ஸோ பேனலோ வேற கலரோ இருந்தா ஏன்னு கேளுங்க. லாஃப்ட்டுக்குள்ள, கப்போர்டோட பின்செவுரு, மாடிப்படிக்கு அடில, இங்கெல்லாம் பெயின்ட் அடிக்க மாட்டாங்க, டார்ச் அடிச்சு பாருங்க. வெளி காம்பவுண்டு செவுத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கும். தெருமுனை டீக்கடைல, அயர்ன் பண்றவர்கிட்ட "ஃபெஞ்சலப்ப இங்க எவ்ளோ தண்ணி அண்ணே"ன்னு கேட்டா உள்ளதை சொல்லிடுவாங்க, அவங்களுக்கு மறைக்க ஒண்ணும் இல்ல.

வீட்டு ஓனருங்க யாராவது படிச்சா உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நாங்க இப்ப இருக்குறது அந்த செம்மண்டலம் வீடு, நல்லவேளையா அது திரும்ப காலியாச்சு. அந்த ஓனரம்மா முதல் நாளே "போர் தண்ணி துவைக்க கொள்ள மட்டும்தான்மா, மாநகராட்சி தண்ணி காலைல வரும், புடிச்சு வச்சுக்கணும், பின்பக்க ரூம்ல மேற்கு செவுரு வெயில்ல சுடும்"னு அவங்களே குறையை சொன்னாங்க. மாமியாரை பாத்துட்டு அந்த அஞ்சு படிக்கும் பைப்ல கைப்பிடி வச்சுக் குடுத்தாங்க, ஜன்னலுக்கு கொசுவலை அடிச்சாங்க, தனி மீட்டர் இருக்கு. பெயின்ட் இன்னும் அதே மங்குன மஞ்ச கலர்தான். எல்இடிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போடுற காசை ஓதத்துக்கும் தண்ணிக்கும் மீட்டருக்கும் போடுங்க, குடி வர்றவங்க வருஷக்கணக்கா நகர மாட்டாங்க.

மீதி காசுக்கு கடலூர் கோர்ட்டுல இருக்குற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல மனு குடுத்திருக்கோம். பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமாவே வக்கீல் உதவி கிடைக்கும், அதனால மனு என் பேர்லதான் போட்டோம். அந்த வீட்டுக்கு மறுபடி பெயின்ட் அடிச்சு, பேனல் கலரை மாத்தி புது போட்டோவோட விளம்பரம் வந்திருக்குன்னு பக்கத்து வீட்டு அக்கா அனுப்பினாங்க. எங்களுக்கு முன்னாடி அங்க இருந்துட்டு சிதம்பரம் பக்கம் போன குடும்பத்துக்கு யாராவது தெரிஞ்சவங்க இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க, அக்ரிமென்ட் காப்பி, ஜிபேல வாடகை அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் எதுவும் அழிச்சிடாம வச்சிருக்க சொல்லுங்க, ரெண்டு குடும்பமும் சேந்து போனா மனு நிக்கும்னு வக்கீல் சொல்றாங்க.