மாமரத்துக்கு மரபணு வரைபடம்: புதிய கலப்பா, நிற்கிற மரங்களா?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் என் அக்கா மகள் பழமர ஆய்வில் சேர்ந்திருக்கிறாள். மாவின் எந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. "புதிதாகக் கலப்புச் செய்து கன்று வளர்க்கவா, இருக்கிற மரங்களை வைத்தே பார்க்கவா, மாமா?" என்று கேட்டாள். மாந்தோப்பிலேயே காலத்தைக் கழித்த எனக்கு இது சின்னக் கேள்வியாகத் தோன்றவில்லை.

கலப்பு வழியில் தாயும் தந்தையும் தெரியும். கன்றின் எந்தக் குரோமோசோம் துண்டு யாரிடமிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை. இதுதான் அதன் பெரிய பலம். அல்போன்சாவின் சதைக்குள் பஞ்சு போன்ற பழுது வரும். அதனுடன் நீலம் ரகத்தைக் கலந்து பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உருவாக்கிய அர்க்கா நீல்கிரண் ரகத்தில் அந்தப் பழுது இல்லை. அந்தக் காப்பு எங்கிருந்து வந்தது என்று தேட அல்போன்சா, நீலம் பிள்ளைகளைவிட நல்ல களம் கிடையாது.

ஆனால் மாமரம் இரக்கம் காட்டாது. ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருந்தாலும் நிற்பது ஓரிரு காய்தான். காய்க்கு ஒரே ஒரு விதை. நூறு கன்று வேண்டுமென்றால், கையால் மகரந்தம் தடவியவற்றில் நூறு காய்கள் உதிராமல் முற்ற வேண்டும். பிறகு அந்தக் கன்றுகள் காய்க்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தாயாக வெள்ளைக் கொழும்பான் ரகத்தை எடுத்துவிட்டால் இன்னும் மோசம். அதன் ஒரு கொட்டையிலிருந்து பல முளைகள் வரும், பெரும்பாலானவை தாயின் நகல்கள். பப்பாளியாக இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்: ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள், ஓர் ஆண்டுக்குள் காய்.

இரண்டாவது வழியில் மரங்கள் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹெசரகட்டாத் தோட்டத்தில் நூற்றுக்கணக்கான மா ரகங்கள் உயிரோடு நிற்கின்றன. இலையைப் பறித்து மரபணுவைப் படிக்கலாம், இரண்டு மூன்று பருவம் பழத்தை அளக்கலாம். பல தலைமுறைக் கலப்பு குரோமோசோமைச் சிறு துண்டுகளாக நறுக்கியிருப்பதால் குணத்தின் இடம் இன்னும் நெருக்கமாகத் தெரியும். 2020-இல் வெளியான அல்போன்சாவின் முழு மரபணுத்தொகுப்பு இரண்டு வழிக்குமே அடித்தளம்.

இந்த வழியின் சிக்கல் ரகங்களின் உறவுமுறையில் இருக்கிறது. 1889-இல் மல்கோவா என்ற பெயரில் இந்தியாவிலிருந்து ஃபுளோரிடா போன மரத்தின் விதையில் பிறந்தது ஹேடன். ஹேடனின் வழியில் வந்தது டாமி அட்கின்ஸ். சிவந்த தோல் கொண்ட இப்படிப்பட்ட ரகங்களை நம் பச்சை மஞ்சள் ரகங்களோடு சேர்த்து ஒப்பிட்டால், அந்தக் குடும்பத்துக்குப் பொதுவான எந்தத் துண்டும் 'சிவப்பு நிற மரபணு' போல வேடம் போடும். கணக்கில் உறவைக் கழித்தால்தான் உண்மை வெளிவரும். பெயர்க் குழப்பம் வேறு: பங்கனப்பள்ளியும் பெனிஷானும் ஒரே மரம். அதை இரண்டு ரகமாக எண்ணிவிடக் கூடாது.

முனைவர் பட்டத்துக்கு இருக்கும் சில ஆண்டுகளில் மாவுக்கு இரண்டாவது வழிதான் சரி என்று அவளிடம் சொன்னேன். கூடவே, வரும் பூப்பருவத்தில் அல்போன்சா, நீலம் கலப்பையும் தொடங்கச் சொன்னேன். அந்தக் கன்றுகள் காய்க்கும்போது அவள் அங்கே இருக்க மாட்டாள், அடுத்து வரும் மாணவருக்கு அவை வேண்டும். இப்போது அவள் ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையையும் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.