வல்லெட்டா துறைமுக வாசலில் படகுச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கும் முன்

சென்ற அக்டோபரில் நானும் என் மனைவியும், மைத்துனரும் அவர் மனைவியுமாக நால்வர், மத்தியதரைக் கடலில் ஏழு நாள் சொகுசுக் கப்பல் பயணம் போயிருந்தோம். நான்காம் நாள் கப்பல் மால்ட்டாவின் தலைநகரான வல்லெட்டாவில் நின்றது. காலை 8 மணிக்கு இறங்கியவர்கள் மாலை 4.30க்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த இடைவெளியில் எங்களிடமிருந்து 240 யூரோ, அதாவது இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், பறிபோன விதத்தை இனி அங்கே போகிறவர்களுக்காக விவரமாகவே எழுதுகிறேன்.

கப்பல்கள் கிராண்ட் ஹார்பர் எனப்படும் இயற்கைத் துறைமுகத்தின் ஓரத்தில், 18ஆம் நூற்றாண்டில், அப்போது மால்ட்டாவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவியர் சபையின் தலைவர் பிண்டோ கட்டிய பண்டகசாலைகளை ஒட்டி நிற்கின்றன. அவற்றின் கதவுகளுக்கு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசியிருக்கிறார்கள். உள்ளே இருந்த சரக்கு மீனா, காய்கறியா, தானியமா, மதுவா என்பதை அந்த நிறங்கள் குறிக்குமாம். நாங்கள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு வெளிவாசலைத் தாண்டியபோதுதான், கழுத்தில் அடையாள அட்டை போல ஒன்றைத் தொங்கவிட்டிருந்த ஒருவர் படங்கள் ஒட்டிய பலகையுடன் வழிமறித்தார். தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கும் கோட்டை மதிலைக் காட்டி, இந்த வயதில் உங்களால் அதில் ஏறிப் போக முடியாது, வாடகைக் கார் கிடைப்பதும் கடினம் என்று கனிவாகவே பேசினார். ஒன்றரை மணி நேரம் வழிகாட்டியுடன் துறைமுகத்தைச் சுற்றும் படகு, எதிர்க்கரையில் பிர்கு என்னும் பழைய ஊரில் ஒரு நிறுத்தம், அங்கிருந்து வல்லெட்டாவுக்குத் திரும்பும் படகு, கடைசியாகப் புனித யோவான் இணைப் பேராலயத்துக்கு நுழைவுச் சீட்டு. இவை அனைத்துக்கும் தலைக்கு 70 யூரோ, ரொக்கமாகக் கொடுத்தால் 60.

பேராலயம் என்ற சொல்லில்தான் மைத்துனர் விழுந்தார். அவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த, புனித யோவானின் தலை கொய்யப்படும் ஓவியம் அந்த ஆலயத்தின் ஜெப மண்டபத்தில் இருக்கிறது. ஐந்து மீட்டருக்கும் அதிக அகலமுள்ள அந்த ஓவியத்தில், கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே ஓவியர் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியமும் அதுதான். இதைப் பார்ப்பதற்காகவே மைத்துனர் இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார் என்று சொன்னாலும் மிகையில்லை. நாங்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு, கையில் ஒட்டும் காகிதப் பட்டையே ரசீது என்றார். ஆலயச் சீட்டுகள் உங்கள் பெயரில் வாசலில் இருக்கும் என்றும் உறுதி கூறினார்.

படகு இருபத்தைந்து நிமிடம் ஓடியது. வழிகாட்டி என்று எவரும் இல்லை; படகோட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. செயின்ட் ஏஞ்சலோ கோட்டையைக் கடக்கும்போது மைத்துனர்தான் வழிகாட்டியானார். வீரத்துறவியர் சபையில் சேர்க்கப்பட்ட சில வாரங்களிலேயே ஒரு சண்டையில் சிக்கிய கரவாஜியோவை இந்தக் கோட்டையில்தான் அடைத்தார்கள். அவர் தப்பி சிசிலிக்கு ஓடிவிட, அவர் வரைந்த அதே ஓவியத்தின் முன்னால் அந்த டிசம்பரில் சபையினர் கூடி, அவர் இல்லாமலே சபையிலிருந்து நீக்கினார்கள். கொடுத்த 240 யூரோவுக்கு ஈடாக நாங்கள் கேட்ட ஒரே விளக்கம் இதுதான், அதுவும் எங்கள் வீட்டு மனிதரிடமிருந்து.

பிர்குவின் படகுத்துறையில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சைகை காட்டிப் போன படகு வரவே இல்லை. வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றபின், உணவக ஊழியர் ஒருவர் எங்கள் கைப்பட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பக்கத்து ஊரான போர்ம்லாவின் துறையிலிருந்து வல்லெட்டாவுக்குப் பொதுமக்கள் படகு ஓடுகிறது என்று வழி சொன்னார். சில யூரோக்களில் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். இறங்கிய இடத்துக்கு அருகிலேயே கோட்டை மதிலை ஒட்டி 58 மீட்டர் உயர மின்தூக்கி நிற்கிறது! 2012 முதல் இயங்கும் அது நேராக மேல் பராக்கா பூங்காவில் கொண்டுபோய் விடுகிறது. எங்கள் கப்பல் நின்ற இடத்திலிருந்தும் அது நடந்தே போகக்கூடிய தூரம்தான். ‘உங்களால் ஏற முடியாது’ என்றவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

பூங்காவை அடைந்தபோது கீழேயுள்ள பீரங்கி மேடையில் நண்பகல் வெடி முழங்கியது. அங்கிருந்து விரைந்து ஆலய வாசலை அடைந்தால், பார்வையாளர்களுக்கான கதவு மூடியிருந்தது. எங்கள் பெயரைச் சொல்லிச் சீட்டு கேட்டோம். காவலர் நிதானமாக, இன்று ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறுகளில் வழிபாடு மட்டுமே, சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை, நாளை வாருங்கள் என்றார். நாளை நாங்கள் வேறொரு நாட்டில் இருப்போம்.

இதில் எங்கள் தவறும் உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை. கப்பலில் மூன்று நாள் கழிந்தால் கிழமை மறந்துவிடுகிறது. அதற்காகவே எங்கள் கப்பலின் மின்தூக்கியில் தினமும் அன்றைய கிழமையின் பெயர் நெய்த தரைவிரிப்பை மாற்றிப் போடுகிறார்கள். அன்று காலை நாங்கள் நால்வரும் ‘ஞாயிறு’ என்ற எழுத்தை மிதித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறோம். ஆனால் அந்த மனிதர் மறந்திருக்க முடியாது. மூடியிருக்கும் ஆலயத்துக்குச் சீட்டு விற்றார் என்பதைவிட, மாலைக்குள் கப்பலேறிவிடுவோம், மறுநாள் வந்து சட்டையைப் பிடிக்க மாட்டோம் என்ற கணக்கில்தான் விற்றார் என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. கப்பல் பயணிகளிடம் அவர் பார்ப்பது பணப்பையை அல்ல, கடிகாரத்தை.

இரண்டரை மணிக்குத் துறைமுக வாசலுக்குத் திரும்பினோம். பலகையும் இல்லை, ஆளும் இல்லை. அவர் வாசலுக்கு வெளியே நின்றவர், தங்களுக்குத் தொடர்பில்லை என்றார்கள் உள்ளே இருந்த பாதுகாவலர்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் நேரமாகும் என்றும் சொன்னார்கள். நேரம்தான் எங்களிடம் இல்லை. கப்பலின் சுற்றுலா மேசையிலும் விசாரித்தோம். அவர்கள் வழியாகப் பதிவுசெய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியே வாங்கியதற்குப் பொறுப்பில்லை என்ற பதிலில் நியாயம் இருந்தது.

வல்லெட்டாவில் இறங்குபவர்கள் முதலில் கிழமையைப் பாருங்கள். ஞாயிறானால் ஆலயத்தை மறந்துவிட்டு, மேல் பராக்காவின் காட்சிக்கும் அக்கரை ஊர்களுக்கும் நாளைக் கொடுங்கள். மேலே போக மின்தூக்கியும் அக்கரை போகப் பொதுப் படகும் போதும். துறைமுகத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், டய்சா எனப்படும் வண்ணப் படகுகளில் ஏறும் முன்பே நேரத்தையும் விலையையும் பேசிக்கொண்டு, இறங்கும்போது பணம் கொடுங்கள். பெயரும் முகவரியும் இல்லாத தாளை ரசீதாக ஏற்க வேண்டாம்.

எங்கள் கைப்பட்டைகளை அன்றிரவு கப்பல் அறையில் கழற்றும்போதுதான் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தோம். அதில் அச்சாகியிருந்தது ஏதோ ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவின் குழந்தைகள் சீட்டு.