செதுக்கு வேலைப்பாடு கொண்ட கைவினை அக்கூஸ்டிக் கிட்டார்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

கைவினைஞர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்த அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்றை ஆண்டுக்கணக்கில் அன்றாடம் வாசித்து வருகிறேன். அதன் கழுத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கிலும், கழுத்து உடலோடு சேரும் ஹீல் பகுதியிலும், பின்பலகையின் ஓரங்களிலும் பெரணிச் செடியின் தளிர்கள் உளியால் செதுக்கப்பட்டுள்ளன. இத்தகைய கிட்டார்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் படங்களோடு நின்றுவிடுகிறது. அந்தச் செதுக்கு கையில் எப்படிப் படுகிறது, ஒலியை என்ன செய்கிறது, வியர்வையையும் பருவ மாற்றத்தையும் எப்படித் தாங்குகிறது, பழுதுபார்க்க வேண்டிய நாளில் தடையாக வந்து நிற்குமா என்பவற்றையெல்லாம் செய்யச் சொல்வதற்கு முன் அறிந்துகொள்ள அதிகம் வழியில்லை. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

இது நடுத்தர உடலமைப்புள்ள எஃகுத் தந்திக் கிட்டார். முன்பலகை ஸ்ப்ரூஸ், பின்பலகையும் பக்கங்களும் வால்நட், கழுத்து மஹோகனி, விரல்கள் தந்தியை அழுத்தும் ஃப்ரெட்போர்டும், தந்திகளை முன்பலகையோடு பிணைக்கும் பிரிட்ஜும் கருங்காலி. முன்பலகையில் ஓர் உளிக்கீறல்கூடக் கிடையாது; ஒலித்துளையைச் சுற்றி மெல்லிய மரக்கீற்றுகளால் அமைந்த எளிய ரோசெட் மட்டும் உண்டு. எதிரே நின்று பார்ப்பவருக்கு ஹெட்ஸ்டாக்கைத் தவிர வேறு வேலைப்பாடு எதுவும் கண்ணில் படாது. வேலைப்பாட்டின் பெரும்பகுதி வாசிப்பவரின் கைக்கும் மடிக்கும் உரியதாகவே இருக்கிறது.

வடிவத்துக்கான தூண்டுதல் பெரணியின் விரியாத இளந்தளிர். அதைத் தேர்ந்தது நான்; அது எங்கே, எந்த அளவில், எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் செய்தவர். இந்தப் பங்கீடு மிகப் பொருத்தமானது என்று இன்றும் நினைக்கிறேன். பூக்கொடி, பறவை, முகம் என எதை வேண்டுமானாலும் மரத்தில் வரைந்து வெட்டலாம். ஆனால் கிட்டாரின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதன் வேலையால் அமைந்த ஒரு கோடு ஏற்கெனவே இருக்கிறது. ஹீல் மேலிருந்து கீழே குறுகி ஒரு முனையில் முடியும். ஹெட்ஸ்டாக் கழுத்திலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து அகலும். சுருண்ட தளிருக்கும் அதே குறுகலும் அதே சாய்வும் இயல்பாகவே உண்டு என்பதால், எந்த இடத்திலும் உறுப்பின் வடிவை அலங்காரத்துக்காக வளைக்க வேண்டியிருக்கவில்லை. படம் ஒட்டியது போலத் தோன்றும் செதுக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் உளிவேலை தேர்ந்ததாகவே இருந்தும், தட்டையான காகிதத்தில் வரைந்த ஓவியத்தை வளைந்த மரத்தின் மேல் அப்படியே ஏற்றியதால்தான் அந்த ஒட்டாத தன்மை வந்தது.

ஹீலைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் செய்நேர்த்தி புரியும். தளிரின் நடுநரம்பு ஹீலின் முதுகுக்கோட்டின் மேலேயே ஓடி, முனைக்கு அருகில் சுருண்டு அடங்குகிறது. அதன் இருபுறமும் உள்ள சிற்றிலைகள் ஒவ்வொன்றும் வளைமுனை உளியின் இரண்டு வெட்டுகளில் அமைந்தவை; வெட்டுகள் சந்திக்கும் இடமே இலையின் நரம்பு. ஹீலின் வளைவில் மஹோகனியின் இழையோட்டம் நீளவாட்டிலிருந்து குறுக்குவாட்டுக்கு மாறுவதால், ஒரே இலையின் மேல்பாதியைக் கீழ்நோக்கியும் கீழ்பாதியை மேல்நோக்கியும் வெட்டியிருக்கிறார். இழைக்கு எதிராக உளி போனால் மரம் பிய்ந்து எழும். இங்கு ஒரு பிசிறுகூட இல்லை. வெட்டிய தளங்களை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டதால் உளி போன பாதை ஒவ்வொன்றும் சின்னச் சின்ன முகமாக ஒளிர்கிறது. இயந்திரத்தில் கடைந்தெடுத்த செதுக்கில் இந்த முகங்கள் ஒரே அளவில் வரிசையாக வரும், அல்லது தேய்ப்பில் முழுவதுமாக மறைந்துவிடும். கையால் செய்ததற்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

கிட்டாரை அலங்கரிக்கும் வழக்கம் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் ஹாம்பர்க் நகரின் யோவாகிம் டீல்கே செய்த கிட்டார்களில் தந்தமும் ஆமையோடும் பதித்த பூவேலை உடல் முழுவதும் படர்ந்திருக்கும். அதே காலத்தவரான ஸ்ட்ராடிவாரியின் கிட்டார்களோ ஒப்புநோக்க எளிமையானவை. நம் காலத்தில் கனடாவின் வில்லியம் லாஸ்கின், சிப்பி, உலோகம், கல் ஆகியவற்றைப் பதித்து ஹெட்ஸ்டாக்கிலும் ஃப்ரெட்போர்டிலும் முழுக் காட்சிகளையே அமைத்துப் புகழ்பெற்றவர். பதிப்பு வேலை எடுத்த மரத்துக்கு ஈடாக வேறொரு பொருளை வைத்துப் பரப்பைச் சமமாக்கிவிடும். செதுக்கு வேலை மரத்தை எடுப்பதோடு நின்றுவிடும், எடுத்தது எடுத்ததுதான். ஆகவே எந்த இடத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வி செதுக்கில் இன்னும் கடுமையாகிறது.

ஒலி பற்றிய என் கருத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது. முன்பலகையின் தடிமன் பொதுவாக 3 மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். அதன் மேல் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோ அளவுக்கு வரும். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 3 மில்லிமீட்டரை 2.7 ஆகக் குறைத்தாலே விறைப்பில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். அலங்காரத்துக்காக அங்கே ஆழமாகப் பள்ளம் பறிப்பதும், அதை ஈடுகட்டப் பலகையைத் தடிமனாக விடுவதும் இரண்டுமே ஒலிக்குக் கேடு. 1862இல் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ், பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையாலும் முன்பலகையை மட்டும் நல்ல மரத்தாலும் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். ஒலியின் உயிர் முன்பலகையில் இருப்பதை நிறுவிக் காட்டவே அதைச் செய்தார். முன்பலகையைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பின்பலகை சற்று இடம் கொடுக்கும், ஆனால் அளவோடு. என் கிட்டாரில் புடைப்பின் உயரம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். அதுவும் ஓரத்தில், உள்ளே பக்கப்பலகையோடு ஒட்டும் பட்டைக்கு மேலும் அதை ஒட்டியும் மட்டும் விரலகலத்துக்கு ஓடுகிறது. அந்த ஓரம் எப்படியும் அதிகம் அசையாத பகுதி. அதிரும் நடுப்பகுதி வழக்கமான தடிமனில், வழுவழுப்பாக இருக்கிறது. பின்பலகை முழுவதும் ஆழமாகச் செதுக்கிய கிட்டார் ஒன்றையும் சில காலம் வாசித்திருக்கிறேன். அதன் பலகையைத் தடிமனாக விட்டிருந்தார்கள். கனமும் கூடியிருந்தது, மெல்ல வருடினால் எழ வேண்டிய மறுமொழி தாமதமாகவே எழுந்தது. வலுவாக ஸ்ட்ரம் செய்பவருக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். விரல்களால் மீட்டுபவருக்கு நிச்சயம் தெரியும்.

ஒலித்துளையை மூடும் மர வலைப்பின்னல் பலரையும் ஈர்க்கும் இன்னொரு வேலைப்பாடு. பரோக் காலக் கிட்டார்களில் தோல்தாளை வெட்டி அடுக்கிய ரோஜா ஒன்று துளைக்குள் இறங்கியிருக்கும். அந்த நினைவில்தான் இன்றைய வலைப்பின்னல்களும் பிறக்கின்றன. அத்தகைய கிட்டார் ஒன்று என்னிடம் நெடுநாள் இருந்தது. கிட்டாரின் உடலுக்குள் உள்ள காற்றுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு; பெரிய உடலுள்ள எஃகுத் தந்திக் கிட்டார்களில் அது 100 ஹெர்ட்ஸ் அளவில், ஆறாம் தந்திக்கும் ஐந்தாம் தந்திக்கும் இடையில் அமையும். துளையின் திறந்த பரப்பு குறையக் குறைய அந்த அதிர்வெண் கீழே இறங்கும். என்னிடமிருந்த கிட்டாரில் கீழ்ச்சுரங்கள் இருண்டு, ஆழமாக, ஒரு வகையில் இனிமையாகவே ஒலித்தன; ஆனால் ஒலியின் வீச்சு குறுகியிருந்தது. தனியே அமர்ந்து வாசிக்க அது போதும். பாடகருக்கு ஈடுகொடுத்து வாசிக்கப் போதவில்லை. ஒலியை மின்குறியாக்கும் பிக்கப்பை உள்ளே பொருத்துவதும், பலகையை உள்ளிருந்து தாங்கும் மரச்சட்டமான ப்ரேஸ் தளர்ந்தால் அதைத் தொட்டுப் பார்ப்பதும் வலைப்பின்னலைக் கழற்றாமல் முடியாத காரியங்கள். கழற்றவே முடியாதபடி அதை ஒட்டிவைத்திருந்தார்கள்.

கைக்குப் படும் இடங்களுக்கு வருகிறேன். ஃப்ரெட்போர்டின் குறுக்குக் கம்பிகளான ஃப்ரெட்களில் உடலருகே உள்ளவற்றை எட்டும்போது உள்ளங்கை ஹீலின் மேல் சாயும்; அங்கே புடைப்பு உயரமாக இருந்தால் நீண்ட வாசிப்பில் உறுத்தும். இந்தக் கிட்டாரில் தளிர் ஹீலின் பரப்புக்கு வெளியே எழவில்லை. சுற்றியுள்ள தளத்தைத் தாழ்த்தி இலை எடுக்கப்பட்டிருப்பதால் கை பழைய வளைவையே உணர்கிறது. ஹெட்ஸ்டாக்கின் பின்புறச் செதுக்கு கட்டைவிரலுக்கு அப்பால் முடிந்துவிடுகிறது. அதன் முன்பக்க வேலைப்பாட்டால் கொஞ்சம் எடை குறைந்து, கழுத்து கீழே சாயாமல் சமநிலையில் நிற்பது நான் எதிர்பாராத நன்மை. முன்கை படியும் விளிம்பைச் சாய்வாகச் சீவிய அமைப்பு லாஸ்கினின் பெயரோடு சேர்த்தே பேசப்படுவது. அதுவும் இதில் உண்டு. மொத்தக் கிட்டாரிலும் நான் அதிகம் நன்றியோடு நினைக்கும் செதுக்கு எது என்றால், ஓர் இலைகூட இல்லாத அந்தச் சாய்வுதான். பின்பலகையின் ஓரப் புடைப்புக்கு ஒரு பயன் இருக்கிறது: மடியில் கிட்டார் வழுக்குவதில்லை. உடையின் உராய்வில் அந்தப் பக்க இலைகளின் விளிம்புகள் மழுங்கி மெருகேறியிருக்கின்றன. எனக்கு அது பிடித்திருக்கிறது. வாங்கிய நாளின் கூர்மை மாறாமல் வேண்டுமென்பவர்கள் அந்த இடத்தில் செதுக்கு கேட்காமல் இருப்பது நல்லது.

பராமரிப்பில் தூசியும் மெருகுப் பூச்சும் முக்கியமாகக் கவனம் கேட்பவை. தெளிப்பு லேக்கர் பள்ளங்களில் தேங்கி, உளி விட்ட கூர்மையை மொழுக்கிவிடும். துணிப்பொதியால் தேய்த்து ஏற்றும் அரக்கு மெருகு பள்ளத்துக்குள் எட்டாது. ஆகவே இதில் வழுவழுப்பான தளங்களுக்கு அரக்கு மெருகும், செதுக்கிய இடங்களுக்குத் தூரிகையால் தடவிய மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் தரப்பட்டன. எண்ணெய்ப் பூச்சை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், அது எளிது. செதுக்கைத் துணியால் துடைத்தால் நூல் இலைநுனியில் சிக்கி இழுக்கும் என்பதால் ஓவியத்துக்கான மென்மையான தூரிகையை உலர்ந்த நிலையில் பயன்படுத்துகிறேன். மெழுகு கலந்த பாலிஷ் பள்ளங்களில் வெண்மையாக உறைந்துவிடும். அதை நெருங்க விடாதீர்கள். காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்திருப்பது எல்லாக் கிட்டாருக்கும் பொதுவான அறிவுரைதான். மெலிந்த இலைநுனிகள் உலர்ந்து பிளக்கக்கூடும் என்பதால் இதில் அது கூடுதல் அவசியம். சுவரில் மாட்டும் கொக்கியின் இரு கரங்களும் ஹெட்ஸ்டாக்கின் தோளில்தான் அழுந்தும். அந்த இரு இடங்களையும் செதுக்கில்லாமல் விடச் சொல்லுங்கள். ஸ்ட்ராப் பொத்தானுக்கும் ஹீலில் ஒரு சமதளம் வேண்டும்.

மரத் தேர்வில் வால்நட்டும் மஹோகனியும் உளிக்கு இணங்குபவை. ஈட்டி மரம் ஒலிக்குச் சிறந்ததென்றாலும் நொறுங்கும் இயல்புடையது. நுண்ணிய இலைநுனி அதில் நிற்பது கடினம். அலையோடிய மேப்பிளில் இழை அடிக்கடி திசை மாறுவதால் கைதேர்ந்தவருக்கும் அது சோதனைதான். மேலும் ஈட்டி மரம் உள்ளடங்கிய டால்பெர்ஜியா பேரினம் அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் 2017 முதல் உள்ளது. 2019 இறுதியில் முழுமையடைந்த இசைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் விலக்குக் கிடைத்தது. பிரேசில் ஈட்டி மரத்துக்கு மட்டும் 1992இலிருந்தே உள்ள கடுமையான தடை தளரவில்லை.

கடைசியாக, செய்யச் சொல்பவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று. எஃகுத் தந்திகளின் இழுவிசையால் பல ஆண்டுகளில் உடல் மெல்ல உருமாறி, தந்திகளுக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷன் உயர்ந்து, கழுத்தைக் கழற்றிக் கோணத்தைச் சரிசெய்து மறுபடி பொருத்த வேண்டிய கட்டம் ஒரு நல்ல கிட்டாருக்கும் வரும். அப்போது ஹீலின் கன்னங்களிலிருந்து நூலிழை அளவு மரம் சீவப்படும். ஹீலில் தொடங்கிய கொடி பக்கப்பலகைக்குத் தாவிச் சென்றிருந்தால், அந்தச் சீவலுக்குப் பின் தண்டும் இலையும் ஒன்றோடொன்று பொருந்தாமல் முறிந்து தெரியும். என் கிட்டாரில் ஹீலின் தளிர் இணைப்புக்கு முன்பே முடிந்து, பின்பலகையின் தளிர் தனியாகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. நீங்கள் கைவினைஞரிடம் வரைபடத்தைப் பார்க்கும்போது, பிற்காலத்தில் திறக்க வேண்டிய இணைப்புகள் எவை என்று கேட்டு, அவற்றைக் கடந்து எந்தக் கோடும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதே மரத்தின் துண்டொன்றில் ஓர் இலையை முழு அளவில் செதுக்கிக் காட்டச் சொல்லி, உடன்படுவதற்கு முன் அதைக் கையால் தடவிப் பாருங்கள்.