மோடம்மேனேஜருடன் ஒன்பது வருடம்: அடையாளம் தெரியாத ஒரு மோடத்தை ஓட வைத்த அனுபவம்

லினக்ஸில் மோடங்களை இயக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருளை நான் பயன்படுத்த ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் லேப்டாப்பில் ஒரு 3ஜி டாங்கிளோடு (யூஎஸ்பியில் செருகும் சின்ன மோடம்) மட்டும். அப்புறம், ஆள் நடமாட்டமில்லாத ஓர் அறையில் வைத்திருக்கும் சின்ன லினக்ஸ் பெட்டியிலும் அதையே போட்டேன். மின்சாரம் நின்றாலோ அறையின் வெப்பம் ஏறினாலோ அந்தப் பெட்டி எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். நானும் குறுஞ்செய்தி அனுப்பி நிலவரம் கேட்பேன். ஒரு ராத்திரி அந்தச் செய்தி வராமல் போனால் காலையில் என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்பும் வரும்போது என்ன வழுவைச் சரிசெய்திருக்கிறார்கள், எந்தக் கருவியைச் சேர்த்திருக்கிறார்கள் என்று வரி விடாமல் படிப்பவன் நான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் செல்பேசி வலையமைப்பு மோடங்களோடு பேசுகிற பின்னணிச் சேவை இது. இணைய இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் ‘மொபைல் பிராட்பேண்ட்’ என்று தெரிகிற வரிக்குப் பின்னால் உழைப்பது இதுதான். பழைய மோடங்களோடு ‘ஏடி’ என்று தொடங்கும் எழுத்துக் கட்டளைகளிலும், புதியவற்றோடு க்யூஎம்ஐ, எம்பிஐஎம் ஆகிய நெறிமுறைகளிலும் பேசும். 2013-இல் 1.0 பதிப்பு வந்தபோது மற்ற நிரல்கள் இதோடு பேசும் டிபஸ் இடைமுகத்தையே மாற்றி அமைத்தார்கள். இன்றைக்கும் அந்த அமைப்புதான். நேரடியாகக் கையாள எம்எம்சிஎல்ஐ என்ற கட்டளை நிரல் கூடவே வருகிறது. எனக்கு அதுவே போதும்.

ஏடி கட்டளைகளுக்குத்தான் பொதுத் தரநிலை இருக்கிறதே, அப்புறம் ஒவ்வொரு மோடத்துக்கும் தனி ஆதரவு எதற்கு என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். என் முதல் டாங்கிளில் மீதத் தொகை பார்க்க *100# அனுப்பியபோதுதான் விடை கிடைத்தது. டெர்மினலில் அதை அப்படியே எழுத்தாக அனுப்பினால் பிழை என்று திருப்பிவிடும். அந்த டாங்கிள் எதிர்பார்த்தது, ஐந்து எழுத்துகளையும் ஏழு பிட்டுகளாக நெருக்கி அடுக்கிப் பதினாறடிமான எண்ணாக்கிய வடிவத்தை. அதாவது *100# என்பதை ஏஏ180சி3602 என்று அனுப்ப வேண்டும். அனுப்பினால் உடனே பதில் வரும். இதே கட்டளையைச் சாதாரண எழுத்தாகவே ஏற்கும் மோடங்களும் உண்டு. தரநிலை ஒன்றுதான், வழக்கம் ஆளுக்கு ஒன்று. மோடம்மேனேஜருக்குள் நிறுவன வாரியாகத் தனித்தனிச் செருகுநிரல்கள் இருப்பது இதற்காகத்தான். அந்த டாங்கிளுக்கு உரிய செருகுநிரல் இந்த அடுக்கும் வேலையைத் தானே செய்துவிட்டது. நான் *100# என்று கொடுத்தால் போதும் என்றாயிற்று.

 

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அந்தச் சின்னப் பெட்டியின் கதையை. அதற்கு ஒரு 4ஜி மோடம் மாட்யூல் வாங்கினேன். அதே வரிசையின் முந்தைய மாடல் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்துதான் வாங்கினேன். வந்தது கொஞ்சம் மாறுபட்ட வகை. மாடலை அடையாளம் காட்டும் பிராடக்ட் எண் வேறு. யூஎஸ்பி பட்டியலில் பெயர் தெரிகிறது, ஆனால் மோடத்தோடு பேச வேண்டிய போர்ட் ஒன்றுகூட உருவாகவில்லை. எம்எம்சிஎல்ஐயில் கேட்டால் மோடமே இல்லை என்கிறது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். லினக்ஸின் மையமான கர்னல் ஒரு போர்ட்டை உருவாக்கினால்தான் மோடம்மேனேஜருக்கு அது கண்ணில் படும். இந்த வகை மோடங்களுக்குப் போர்ட் உருவாக்குவது ‘ஆப்ஷன்’ என்கிற டிரைவர். அந்த டிரைவரின் நிரலுக்குள் தயாரிப்பாளரைக் குறிக்கும் வென்டர் எண், பிராடக்ட் எண் என்று நீண்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. என் மாட்யூலின் எண் அதில் இல்லை. ஆக, குறை மோடம்மேனேஜரில் இல்லை. ஒரு படி கீழே.

கர்னலைத் திரும்பத் தொகுக்காமலே அந்த டிரைவருக்குப் புதிய எண்ணைச் சொல்லிக் கொடுக்க வழி உண்டு. கர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்த டிரைவரின் அடைவுக்குள் ‘நியூ ஐடி’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் இரண்டு எண்களையும் எழுதினேன். கர்னல் பதிவில் வரிசையாக வரிகள் விழுந்தன: டிடிஒய்யூஎஸ்பி0, 1, 2, 3, 4. ஐந்து போர்ட். சந்தோஷப்பட்டேன்.

ஐந்து வந்ததுதான் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த மாட்யூலில் உண்மையில் நான்கு சீரியல் போர்ட்தான். ஒன்று பிழையறிவதற்கு, ஒன்று ஜிபிஎஸ்ஸுக்கு, ஒன்று ஏடி கட்டளைகளுக்கு, ஒன்று பிபிபி என்ற பழைய முறை இணைய இணைப்புக்கு. ஐந்தாவது, தரவு போகும் க்யூஎம்ஐ இன்டர்ஃபேஸ். அது க்யூஎம்ஐ-வான் என்ற வேறொரு டிரைவரின் கைக்குப் போயிருக்க வேண்டும். நான் எண்ணை மொத்தமாகக் கொடுத்ததால் ஆப்ஷன் டிரைவர் அதையும் பிடித்துக்கொண்டது. மோடம்மேனேஜர் மோடத்தைப் பார்த்தது, சிம்மைப் பார்த்தது, குறுஞ்செய்திகூடப் போனது. ஆனால் இணைய இணைப்பு மட்டும் பிபிபி வழியாகத் தட்டுத் தடுமாறியது. ஐந்தாவது இன்டர்ஃபேஸை ஆப்ஷனிடமிருந்து விடுவித்து, மோடத்தின் எண்ணை க்யூஎம்ஐ-வான் டிரைவரிடமும் எழுதிய பிறகே எல்லாம் நேரானது. கர்னலின் அட்டவணையில் பல வரிகளில் ‘இந்த இன்டர்ஃபேஸைத் தொடாதே’ என்று ஒதுக்கி வைத்திருப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உங்கள் மோடத்துக்கு நீங்களே எண் சேர்க்கிறீர்கள் என்றால், வந்த போர்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

அடுத்த தொல்லை, பெட்டியை இயக்கி மோடம் தயாராவதற்குள் ஆகும் நேரம். எந்தப் போர்ட் எதற்கு என்று தெரியாதபோது மோடம்மேனேஜர் ஒவ்வொன்றிலும் ஏடி என்று அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். பிழையறியும் போர்ட் பதிலே சொல்லாது. ஜிபிஎஸ் போர்ட்டோ கேட்டாலும் கேட்காவிட்டாலும் இருப்பிட வரிகளைக் கொட்டிக்கொண்டே இருக்கும். இதற்குத் தீர்வு நிரலில் இல்லை, செருகும் கருவிகளைக் கவனிக்கும் லினக்ஸின் யூடெவ் பகுதிக்கு எழுதும் விதியில் இருக்கிறது. வென்டர் எண், பிராடக்ட் எண், இன்டர்ஃபேஸ் எண் மூன்றும் பொருந்தினால் இது முதன்மை ஏடி போர்ட், இது ஜிபிஎஸ், இதை விட்டுவிடு என்று அடையாளம் வைக்கும் நாலைந்து வரிகள். விட்டுவிடச் சொல்வதற்கான அடையாளத்தின் பெயர் ஐடி_எம்எம்_போர்ட்_இக்னோர். இந்த வரிகளை எழுதியதும் தேடும் நேரம் வெகுவாகக் குறைந்தது. ‘புதிய கருவிக்கு ஆதரவு சேர்க்கப்பட்டது’ என்று வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி பார்த்தால், அதன் பின்னால் பெரும்பாலும் இப்படி யாரோ போர்ட் போர்ட்டாகத் தட்டிப் பார்த்த நாலைந்து வரிகள் இருக்கும். எனக்கு அந்த ஒற்றை வரிகள் மேல் பெரிய மரியாதை உண்டு.

என் வரிகளை மோடம்மேனேஜர் திட்டத்துக்கு அனுப்பினேன். அவர்கள் முதலில் கேட்டது டிபக் பதிவு, அதாவது மென்பொருள் தான் செய்வதை எல்லாம் வரிவரியாக எழுதும் விரிவான குறிப்பு. மோடத்தைச் செருகுவதற்கு முன்பே டிபக் நிலையை இயக்கி, செருகிய கணத்திலிருந்து எடுத்த பதிவு வேண்டும். பாதியில் ஆரம்பித்த பதிவால் பயனில்லை, ஏனென்றால் போர்ட்டுகளை அடையாளம் காண்பது முழுக்க முதல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பதிவை அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள். பழைய பதிப்புகளில் மோடத்தின் அடையாள எண்ணான ஐஎம்இஐ, தொலைபேசி எண், குறுஞ்செய்தி உள்ளடக்கம் எல்லாம் அப்படியே விழும். புதிய பதிப்புகள் தனிப்பட்ட விவரங்களை மறைத்தே எழுதுகின்றன; தனியாக ஒரு விருப்பம் கொடுத்தால்தான் காட்டும். மிக நல்ல மாற்றம் இது.

விதி ஏற்கப்பட்டது. ஆனால் அது நம் லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, டெபியன் போன்றவை) வழியாக நம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை யூடெவ் அடைவில் என் சொந்தக் கோப்பை வைத்து ஓட்டினேன். அதுவே ஒருநாள் காலை வாரியது. மாட்யூலுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேரைப் புதுப்பித்தேன். பிராடக்ட் எண் மாறவில்லை, இன்டர்ஃபேஸ்களின் வரிசை மட்டும் மாறிவிட்டது. என் விதி இன்னமும் பழைய இடத்தையே ஏடி போர்ட் என்று காட்டிக்கொண்டிருந்தது. மோடம்மேனேஜரை இரண்டு பதிப்பு பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன், மதியத்துக்கு மேல்தான் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கத் தோன்றியது.

குறுஞ்செய்திக்கு வருவோம். தமிழில் அனுப்புகிறவர்களுக்கு இது முக்கியம். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து இருக்கலாம். தமிழ் என்றால் யூசிஎஸ்-2 குறியாக்கத்தில் 70 குறிகள்தான். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து. அங்கே ஏழு குறி, ஏனென்றால் புள்ளியும் ஒரு குறியாக எண்ணப்படும். செய்தி நீண்டு துண்டுகளாகப் போனால் ஒவ்வொரு துண்டிலும் தலைப்புக்கு இடம் போக 67 குறிகள். அந்த வெட்டு எங்கே வேண்டுமானாலும் விழும், மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில்கூட. மோடம்மேனேஜருக்கு முன்னால் நானே எழுதிய ஒரு ஸ்கிரிப்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு துண்டு ‘வெப்பநிலை அதிகம’ என்று முடிந்தது. ‘ம்’ வரவேண்டிய இடத்தில் ‘ம’ மட்டும் ஒட்டியிருந்தது. அடுத்த துண்டு ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தனியாக மிதக்கும் புள்ளியோடு ஆரம்பித்தது. மோடம்மேனேஜர் துண்டுகளைத் தானே சேர்த்து ஒரே செய்தியாகத் தருகிறது. இத்தனை வருடத்தில் ஒரு தமிழ்ச் செய்திகூட உடைந்து வந்ததில்லை.

ஆனால் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. எல்லாத் துண்டும் வந்து சேரும் வரை அந்தச் செய்தி ‘வந்துகொண்டிருக்கிறது’ என்ற நிலையிலேயே நிற்கும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால் நிரந்தரமாக அப்படியே நிற்கும். என் நிரல் ‘வந்துவிட்டது’ என்றிருப்பவற்றை மட்டும் படித்து அழித்தது. அரைகுறைச் செய்திகள் சிம்முக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒருநாள் பெட்டி என் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியது. அனுப்ப முடிகிறது, வாங்க முடியவில்லை. பிழை என்று எங்கும் ஒரு வரி இல்லை. கடைசியில் மோடத்தின் சேமிப்பைக் கேட்டபோது 20-க்கு 20 என்று வந்தது. சிம் நிரம்பிவிட்டால் புதுச் செய்திக்கு இடமில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு நாளுக்கு மேல் அரைகுறையாக நிற்பதை எல்லாம் என் நிரல் அழித்துவிடுகிறது. சேமிப்பு நிரம்பப் போகிறது என்று மென்பொருளே எச்சரித்தால் நன்றாக இருக்கும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

இன்னொரு விஷயமும் புதியவர்களை விழ வைக்கும். மோடத்துக்குக் கொடுக்கப்படும் வரிசை எண் நிலையானது இல்லை. லேப்டாப் உறங்கி எழுந்தாலோ மோடம் தன்னைத்தானே மீட்டமைத்துக்கொண்டாலோ 0 என்பது 1 ஆகும், பிறகு 2 ஆகும். 0 என்று எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் அத்தோடு நின்றுவிடும். ஒரே மோடம்தான் இருக்கிறது என்றால் எண்ணுக்குப் பதில் ‘எனி’ என்று கொடுங்கள்.

லேப்டாப்பின் உள்ளேயே 4ஜி, 5ஜி அட்டை இருப்பவர்களுக்கு எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பூட்டு பற்றியும் சொல்ல வேண்டும். சில லேப்டாப்புகளில் அட்டையின் அலைபரப்பியைப் பூட்டியே அனுப்புகிறார்கள். முன்பு மோடம்மேனேஜர் அதைத் தானாகவே திறந்துவிடும். 1.18.4 முதல் அப்படிச் செய்வதில்லை. திறக்கும் ஸ்கிரிப்டுகள் கூடவே வருகின்றன, உங்கள் அட்டைக்கு உரியதை நீங்களே இணைத்துக்கொள்ள வேண்டும். மேம்படுத்திய மறுநாள் மோடம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆர்டுயினோ போன்ற பலகைகளோடு வேலை செய்பவர்கள், அந்தப் பலகையைத் தொடாதே என்று ஒரு யூடெவ் அடையாளம் வைத்துவிடுங்கள். பழைய பதிப்புகள் அதையும் மோடமோ என்று தட்டிப் பார்க்கும்.

போன மாதம் பெட்டியின் மாட்யூல் பழுதாகி, அதே வகையில் இன்னொன்றைப் போட்டேன். இந்தத் தடவை அதைப் புதிய விநியோகத்தில் செருகினேன், எதையும் எழுதவில்லை. கர்னல் பதிவில் நான்கு வரிகள் வந்தன, நான்கு மட்டும். ஐந்தாவது இன்டர்ஃபேஸ் நேராக க்யூஎம்ஐ-வான் டிரைவருக்குப் போனது. சற்று நேரத்தில் எம்எம்சிஎல்ஐ பட்டியலில் மோடம் தெரிந்தது. யூடெவ் அடைவுக்குப் போய் நான் எழுதி வைத்திருந்த கோப்பை அழித்தேன். பெட்டியை ஒருமுறை அணைத்து இயக்கிவிட்டு ‘நிலவரம்’ என்று செய்தி அனுப்பினேன். பதில் வந்தது.